மூன்றாவது கம்பத்தில் வந்த கீற்று

போகும்போதே ஒரு பெரிய காலிப் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். கறுப்பு நிறம், அடியில் சக்கரம், உள்ளே கருவிகள் அசையாமல் உட்கார வெட்டி வைத்த பஞ்சுத் தட்டுகள். "சரிசெய்ய முடிந்தால் செய்துவிட்டு வா. முடியாவிட்டால் மூன்றையும் கழற்றி இதில் வைத்துக்கொண்டு வா. அங்கே உட்கார்ந்து யோசிக்காதே" என்றார் டாக்டர் லிம். அந்த அம்மாள் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். மலாயில் இதைவிடச் சுருக்கமாக இருந்தது.

ஜொகூரில் மின்னலை ஆராயும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆராய்ச்சி செய்பவர்கள் வேறு. நான் கம்பம் நடுகிறவன், கம்பி இழுக்கிறவன், கோபுரம் ஏறுகிறவன். ஒன்பதாம் வகுப்போடு சங்கரன்கோவிலை விட்டுக் கிளம்பியவன். லாரியில் கிளீனராக இருந்தேன், சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன், துபாயில் சாரம் கட்டினேன். சம்பளம் தராத இடங்களில் சாப்பாடாவது போட்டார்கள். சாப்பாடும் போடாத இடங்களில் நான் தங்கவில்லை. மலேசியாவுக்குப் புல் வெட்டத்தான் போனேன். புல் வெட்டிய வளாகத்தில் கோபுரம் ஏற ஆள் தேடினார்கள். ஏறினேன். இறங்கியதும் வேலை கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கூடத்துக்குச் சங்கரன்கோவிலைச் சுற்றி மூன்று கம்பங்கள் இருக்கின்றன. இளையரசனேந்தலில் ஒன்று, ராயகிரியில் ஒன்று, மேலநீலிதநல்லூரில் ஒன்று. கடையநல்லூர்க்காரப் பெண் பர்வீன், ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி, டாக்டர் லிம்முக்கு எழுதிக் கேட்டு வாங்கியவை அவை. மூன்றாவதான மேலநீலிதநல்லூர்க் கம்பத்தில் கோளாறு. ஒரு மின்னல் எங்கே வெட்டியது என்று சொல்ல மூன்று கம்பமும் வேண்டும். ஒன்று போனால் மற்ற இரண்டும் வெறும் கம்பம். அதோடு பர்வீனின் படிப்பும் பாதியில் நிற்கும். காலிப் பெட்டியின் அர்த்தம் அதுதான்.

பேருந்தில் ஏறும்போதே பெட்டியின் ஒரு சக்கரம் படியில் மாட்டி உடைந்தது. கண்டக்டர் வந்து பெட்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குவே இம்புட்டுப் பெரிய பெட்டி?"

"திரும்பிப் போகும்போது இருக்கும்."

"அப்ப திரும்பிப் போகும்போது அதுக்கு வேற டிக்கெட்டு. இப்ப இதுக்கு ஒரு டிக்கெட்டு" என்று கிழித்துக் கொடுத்தார். பின்சீட்டில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "வெறும் பெட்டிக்குச் சீட்டு வாங்குன மொத ஆளு நீருதான்வே" என்றார். அதன் பிறகு சங்கரன்கோவில் வரும்வரை எனக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவில்லை.

பிறந்த ஊர்தான். ஆனால் வீடு என்று ஒன்றும் இல்லை, தங்கியது லாட்ஜில். ஜன்னலைத் திறந்தால் விசைத்தறிச் சத்தம், மூடினால் மின்விசிறிச் சத்தம். கண்டெய்னருக்குள் படுத்துத் தூங்கியவனுக்கு இரண்டும் தாலாட்டு. மத்தியானம் பிரியாணி சாப்பிட்டேன். ஜொகூரில் பிரியாணி கேட்டால் சோற்றின்மேல் ஒரு கோழிக்காலை நட்டு வைத்துத் தருவார்கள், கம்பம் நட்டதுபோல. இங்கே கறி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது, ஆனால் எந்தப் பருக்கையைத் தொட்டாலும் அது அங்கே இருந்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டாவது முறை சோறு கேட்டேன். பரிமாறியவர், "வெளிநாடா அண்ணாச்சி? அங்கன உள்ளவுகதான் இப்படிச் சாப்பிடுதாவ" என்றார்.

சாயங்காலம் பர்வீன் லாட்ஜ் வரவேற்பறைக்கு வந்தாள். கூடவே அவள் வாப்பா. அவர் சவூதியில் நெடுநாள் இருந்து வந்தவர். எனக்குச் சலாம் சொல்லிவிட்டு, காலிப் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் அதைப் பார்க்கவே இல்லை. மகள் கணினியைத் திறந்தாள்.

"லிம் மேடம் என்ன சொன்னாவ?"

"சரியாகலைன்னா கழட்டச் சொன்னாவ."

"கழட்டறதுக்கு முன்னால இதைப் பாருங்க."

இடி மழை நேரத்தில் பழைய ரேடியோவைப் போட்டால் பாட்டுக்கு நடுவே கரகரவென்று வெட்டும். மேகத்துக்குள் மின்சாரம் உடைவதன் சத்தம் அது. எங்கள் கம்பங்கள் பிடிப்பது அதைத்தான். பிடித்ததைக் கணினி ஒரு படமாகப் போடும். இடமிருந்து வலமாக நேரம். கீழிருந்து மேலாக அலையின் அதிர்வெண். கனமான சத்தம் கீழே, கீச்சென்ற சத்தம் மேலே என்று வைத்துக்கொள்ளலாம். எந்த இடத்தில் வலு அதிகமோ அந்த இடம் சிவப்பு. ஜொகூரில் இதுமாதிரிப் படங்களைத் தினமும் பார்க்கிறேன். பார்த்துப் பழக்கமே தவிரப் படித்துப் பழக்கம் இல்லை. பர்வீன் படித்துக் காட்டினாள்.

"கல்யாண வீட்டுல தவில் கேட்டிருப்பியல்லா? ஒரு தட்டு. கனம், கீச்சு எல்லாம் அதுல ஒண்ணாச் சேந்து வந்து உடனே முடிஞ்சிரும். படத்துல அது நெட்டுக்குத்தா ஒரு கோடு. நாயனத்துல ஒரே சுரத்தைப் பிடிச்சு இழுத்தாவன்னா படுக்கையா ஒரு கோடு. மின்னல் பூராவும் தவில்தான். மொத மேகத்துக்குள்ள சின்னச் சின்னத் தட்டா வரும், இந்தா மேல தெரியுதே, இதுக. அப்புறம் தரையில எறங்குற பெரிய அடி. அது கீழ உள்ளதை எல்லாம் நெரப்பிரும்."

இளையரசனேந்தல் படமும் ராயகிரி படமும் அப்படித்தான் இருந்தன. மேலநீலிதநல்லூர்ப் படத்தில் அந்தக் கோடுகளுக்கு நடுவே வேறொன்று இருந்தது. குட்டையான சிவப்புக் கீற்றுகள். எல்லாம் ஒரே உயரத்தில், பேனாவால் அளந்து கீறியதுபோல.

"இது தவிலும் இல்ல, நாயனமும் இல்ல. நாயனக்காரரு பக்கத்துல நின்னு ஒருத்தர் தாளம் தட்டுவாருலா, கிணுக்குன்னு? அது மாரி. இடி மேகம் கிட்ட வந்தாத்தான் வருது அண்ணாச்சி. வெறும் வானத்துல வந்ததே இல்ல. கோளாறுன்னா எப்பவும் வரணும்லா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மேகத்தோடு வந்து மேகத்தோடு போகிற கோளாறை நான் பார்த்ததில்லை. இது இதுவரை யாரும் பார்க்காத ஒரு துடிப்பு என்று நம்பி, பர்வீன் கட்டுரையே எழுதத் தொடங்கியிருந்தாள். டாக்டர் லிம் நம்பவில்லை. போதாக்குறைக்கு அந்தக் கம்பத்தின் படத்தில் அடியோரம் முழுக்க ஒரு தடித்த பட்டை ஓடியது. அது ஊர் மின்கம்பிகளின் இரைச்சல். அது எனக்குத் தெரிந்த வியாதி. கம்பத்துக்கு அடியில், மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி காய்ந்து போனால் அந்தப் பட்டை வரும்.

மறுநாள் நல்ல கம்பங்கள் இரண்டையும் முதலில் பார்த்தேன். நல்லது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டது புரியும். சேர்மதுரை என்பவருடைய குட்டியானை வண்டி கிடைத்தது. முந்தின நாள் மழையில் இளையரசனேந்தல் கரிசல் மண் களியாகிக் கிடந்தது. தார் ரோட்டிலிருந்து இறங்கிய உடனே வண்டி நின்றது. சக்கரம் சுற்றச் சுற்ற மண் ஏறிச் சக்கரமே இட்லிச்சட்டி போல ஆகிவிட்டது.

"எறங்கித் தள்ளுங்க அண்ணாச்சி."

"நீரு சொன்னீரே, இந்த வண்டி ஆத்துலயும் போவும்னு?"

"ஆத்துல போவும். இது ஆறு இல்லல்லா."

மக்காச்சோளத்துக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தவர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். என் செருப்பு ஒன்று மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. வெறுங்காலோடு கம்பத்தைச் சோதித்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் ராயகிரி. மலை பக்கத்தில் இருப்பதால் காற்றே வேறு. அங்கேயும் குறையில்லை. டீக்கடையில் தேங்காய் ஏற்ற வந்த இரண்டு கேரள லாரிக்காரர்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "மேகத்தைப் பார்த்தால் நாம் குடையைத் தேடுவோம். இவர்கள் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டு உட்கார்கிறார்கள்." மற்றவர், "நம் ஊரில் பெய்ததில் மிச்சம் வருகிறதா என்று பார்ப்பார்களாக இருக்கும்" என்றார். எனக்கு மலையாளம் தெரியும் என்பதை டீ குடித்து முடிக்கும்வரை காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மேலநீலிதநல்லூர். ஊரைத் தாண்டிக் கொஞ்சம் தூரத்தில் ஒரு மானாவாரிக் காடு. உளுந்து முளைத்திருந்தது. வரப்போரம் ஒரு கருகிய பனை, மட்டை ஒன்றுகூட இல்லாமல். அதிலிருந்து தள்ளி எங்கள் கம்பம், ஆடு அண்டாமல் சுற்றிலும் முள்வேலி. கம்பத்தின் உச்சியில் ஒரு அலுமினியத் தட்டு. அதற்குக் கீழே, கை எட்டும் உயரத்தில், வெள்ளை அடித்த ஒரு தகரப் பெட்டி. சூடு வெளியேற அதன் நெற்றியில் நீளமாக ஒரு வாய் வெட்டி, மழை விழாமல் மேலே ஒரு மூடி வைத்திருந்தார்கள்.

காட்டுக்குச் சொந்தக்காரி ஆவுடைத்தாய். என் வயதுதான் இருக்கும். ஆடுகளை மறித்து நிறுத்திவிட்டு வந்தாள்.

"போன வருசம் வந்தவுக நீங்க இல்லியே."

"அவருக்கு வேற வேலை. நான் பாக்க வந்திருக்கேன்."

"பாருங்க, பாருங்க. நல்லாப் பாருங்க" என்று வேலியோரம் உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டியைத் திறந்தேன். சின்ன மின்பலகை சுத்தமாக இருந்தது. ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். மின்கலம், சூரியத் தகடு, எல்லாம் சரி. எர்த் குழியை மட்டும் பார்த்ததுமே தெரிந்தது. செம்புக் கம்பியைச் சுற்றி மண் வாய் பிளந்து கிடந்தது. விரலே உள்ளே போயிற்று. முந்தின மழை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியில் இருந்த குடிதண்ணீரைக் குழியில் ஊற்றினேன்.

"இதுல தெனமும் ஒரு குடம் ஊத்துனா நல்லது தாயி."

அவள் சிரித்த சிரிப்பில் ஆடுகள் திரும்பிப் பார்த்தன. "மனுசன் குடிக்கவே குழாயில ஒரு நா விட்டு ஒரு நாதான் தண்ணி வருது. கம்பிக்கு ஊத்தச் சொல்லுதியளே! கம்பி என்ன, காய்க்கவா போவுது?"

பேசிக்கொண்டே தூக்குவாளியைத் திறந்து கம்பங்கஞ்சியை எனக்கும் ஊற்றினாள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய். ஜொகூர்க் கூடத்தில் வெயிலில் வேலை செய்தால் ஐஸ் போட்ட எலுமிச்சைத் தேநீர் தருவார்கள். அது நாக்கோடு நின்றுவிடும். இது முழங்கால்வரை இறங்கியது. அந்தக் கருகிய பனையைப் பற்றிக் கேட்டேன்.

"போன ஐப்பசியில இடி விழுந்துச்சு. எம்புட்டு ஆடு அதுக்கடியில நின்னுச்சோ அம்புட்டும் போச்சு. நான் கடலைச் செடி பறிக்க அங்கிட்டுப் போனதால இருக்கேன். அன்னைலேருந்து இந்தக் காதுல பாதிதான் கேக்கும்."

அன்று முழுக்கத் தேடியும் கீற்றுக்கான காரணம் கிடைக்கவில்லை. பெட்டியைத் திறந்து வேலை பார்த்தபோது இணைப்பை அணைத்து வைத்திருந்தேன்; மற்ற நேரம் வானம் வெறுமையாக இருந்தது, ஒரு கீற்றும் வரவில்லை. லாட்ஜுக்குத் திரும்பி டாக்டர் லிம்முக்குச் சொன்னேன். "அப்படியானால் நாளைக்குக் கழற்று" என்றார். கேரளப் பக்கம் ஒரு கல்லூரி கேட்டுக்கொண்டிருக்கிறதாம், கம்பங்கள் அங்கே போகும்.

பர்வீனிடம் போனில் சொன்னேன். "நாளைக்குக் கழட்டுற வரைக்கும் கம்பத்தோட இணைப்பை மட்டும் அணைச்சிராதிய அண்ணாச்சி. கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

மறுநாள் காலிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனோம். மூன்று சக்கரத்தில் அதை வரப்பில் இழுக்க முடியாமல் சேர்மதுரை தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். ஆவுடைத்தாய் அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்ன, பொணப்பெட்டி மாரி கொண்டாறிய?"

"கம்பத்தைக் கழட்டப் போறோம் தாயி."

அவள் முகம் சுருங்கியது. நான் முள்வேலியை ஒரு பக்கம் பிரித்துத் தள்ளிவிட்டு, வண்டியில் இருந்த ஏணியை எடுக்கப் போனேன். ஏணியோடு திரும்பி வரும்போது போன் அடித்தது. பர்வீன்.

"அண்ணாச்சி, அங்கன மேகம் இருக்கா?"

"துண்டு மேகம்கூட இல்ல."

"காத்து?"

"இல்ல."

"கீற்று வருது! இப்ப, இந்தா, வருது! அங்கன என்ன நடக்கு?"

நான் கம்பத்தைப் பார்த்தேன். "ஒண்ணும் நடக்கலம்மா. வேலியைப் பிரிச்சுட்டேன், அதான் ஒரு கெடா உள்ள பூந்து கம்பத்துல முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கு."

"அதை வெரட்டுங்க" என்றாள். விரட்டினேன்.

"நின்னுட்டு. இப்ப நீங்க கம்பத்தை ஆட்டுங்க."

ஆட்டினேன்.

"வருது. விடுங்க." விட்டேன். "நின்னுட்டு."

இன்னும் ஒரு முறை ஆட்டச் சொன்னாள். அதற்கு அவசியமே இல்லை. இடி மேகம் வருவதற்கு முன்னால் எப்போதும் காற்று வரும். காற்று வந்தால் கம்பம் ஆடும். கீற்று மேகத்தோடு வரவில்லை, காற்றோடு வந்திருக்கிறது. பர்வீன் எழுதத் தொடங்கியிருந்த கட்டுரையை ஒரு கிடா முதுகைச் சொறிந்தே முடித்துவிட்டது.

ஆனால் அவள் குரலில் அழுகை இல்லை. "பலகையைக் கழட்டிப் பாத்தியளா? முன்பக்கம் இல்ல, பின்பக்கம். எல்லாக் கீற்றும் ஒரே உயரத்துல இருக்குன்னா, ஒரே சாமான் ஒரே எடத்துல தட்டுதுன்னு அர்த்தம். உள்ள ஏதோ ஒரு உலோகம் ஆடிக்கிட்டு இருக்கு. மெல்லிசா இருக்கணும்."

அவள் சொன்னது அப்படியே இருந்தது. முந்தின நாள் நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தேன். திருகாணிகளைக் கழற்றிப் பலகையை எடுத்ததும், அதற்கும் தகரச் சுவருக்கும் நடுவே, செங்குத்தாகச் செருகி நின்றது ஒரு வெள்ளித் தகடு. விரல் நீளம். நெளிந்த உடம்பு, விரித்த படம், புள்ளியாக இரண்டு கண்.

சங்கரன்கோவில்காரனுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோயில் வாசல் கடைகளில் தட்டு நிறைய வைத்திருப்பார்கள். பாம்பு, தேள் கண்ணில் பட்டுவிட்டது, கனவில் வந்துவிட்டது என்றால் அந்த உருவத்தை வாங்கி உண்டியலில் போடுவார்கள். பெட்டியின் நெற்றியில் இருந்த வாயைப் பார்த்தேன். உண்டியலுக்கு இருப்பதுபோலவே இருந்தது.

"ஆவுடைத்தாயி, இது நீ போட்டதா?"

"ஆமா. வேற யாரு போடுவா?"

"பாம்பு கண்டியா?"

"பாம்புக்கு நான் எதுக்குப் பயப்படப் போறேன்? இது இடிக்குப் போட்டது." நான் விழித்ததைப் பார்த்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஆடு செத்த பொறவு கடையில போயி, மின்னல் உரு இருக்கான்னு கேட்டேன். கடைக்காரன் சிரிச்சான். அவன்கிட்ட பாம்பு, தேளு, கண்ணு, காலு, வீடு எல்லாம் இருக்கு, மின்னல் இல்ல. மின்னல் எப்படி வரும்? நெளிஞ்சு நெளிஞ்சுதானே வரும். அதான் பாம்பை வாங்குனேன்."

"உண்டியல்ல போட வேண்டியதுதானே?"

"அங்கன போட்டா பாம்புக் கணக்குல சேந்துரும்லா? மின்னல் புடிக்கிற பெட்டி எங்காட்டுலயே நிக்கும்போது, இதுல போட்டாத்தானே இடிக்குன்னு போய்ச் சேரும்?"

சேர்மதுரை, "சரியாத்தானே சொல்லுதா" என்றார். போன் இன்னும் அணைக்காமல் இருந்தது. அதில் பர்வீன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அப்ப இம்புட்டு நாளா நான் ஒரு பாம்பையா படம் புடிச்சுக்கிட்டு இருந்தேன்?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பின்னால் அவள் உம்மா, "ஏட்டி, என்னாச்சு ஒனக்கு?" என்று கேட்பது கேட்டது. சிரித்து ஓய்ந்ததும், "கீற்று எல்லாம் ஒரே உயரத்துல இருக்குறதுனால அதை மட்டும் படத்துலேருந்து எடுத்துரலாம். இதுவரைக்கும் பதிஞ்சதை ஒண்ணும் தூக்கிப் போட வேண்டாம். கழட்டாதிய அண்ணாச்சி, மேடத்துக்கிட்ட நான் பேசுதேன்" என்றாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் அந்தத் தகட்டை ஆவுடைத்தாயிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எடுத்த எடத்துலயே வையிங்க."

"அங்கன வச்சா பெட்டி கெட்டுரும் தாயி."

"போட்டதைத் திருப்பி வாங்குனா நான் கெட்டுருவேன். அதை எடுத்தியன்னா பெட்டியையும் எடுத்துட்டுப் போயிருங்க. எங்காட்டுல நிக்க வேண்டாம்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அவள் மனசு மாறமாட்டாள் என்று தெரிந்தது. காடு அவளுடையது. பர்வீனின் படிப்பைக் காலையில் ஒரு கிடா காப்பாற்றியது, இப்போது அந்தக் கிடாவின் சொந்தக்காரி அதை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் கம்பத்தடியில் உட்கார்ந்தேன். டாக்டர் லிம் செய்யக் கூடாது என்று சொன்னதைச் செய்தேன், யோசித்தேன்.

"தாயி, ஒண்ணு சொல்லுதேன். இந்தப் பெட்டி மின்னலைப் புடிக்காது. தடுக்கவும் செய்யாது. மின்னல் போடுற சத்தத்தைக் கேட்கும், அம்புட்டுத்தான். மானம் கறுத்துச்சுன்னா ஆட்டைப் பத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிரு. பனைக்கு அடியில நிக்காத."

"அது எனக்குத் தெரியாதாக்கும். ஆடு செத்தது ஒங்களுக்கா எனக்கா?"

"சரி. மேலேருந்து வர்ற மின்னல் கடைசியில எங்க போயி அடங்கும்?"

"மண்ணுலதான்."

"இந்தச் செம்புக் கம்பி அதுக்குத்தான் போட்டிருக்கு. கம்பத்துல எது வந்தாலும் இது வழியாத்தான் மண்ணுக்குள்ள போகும். அடங்குற எடம் இதுதான். பாம்பை இங்கன வச்சிருவோமா?"

அவள் எழுந்து வந்து குழியை எட்டிப் பார்த்தாள். கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். பெட்டியையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தாள். சேர்மதுரை வாயைத் திறக்கப் போனார். நான் அவர் காலை மிதித்தேன்.

"புத்துக்குள்ள இருக்குற மாரி" என்றாள்.

"அதே மாரிதான்."

நான் ஏமாற்றவில்லை. எர்த் குழிக்குள் உலோகம் இருந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. செம்புக் கம்பியை ஒட்டித் தகட்டை இறக்கினேன். அவளே கையால் மண்ணைத் தள்ளி மூடினாள். பிறகு தூக்குவாளியில் மிச்சம் இருந்த தண்ணீரை, தான் குடிக்க வைத்திருந்ததை, முழுவதும் அதன்மேல் ஊற்றினாள்.

மறுநாள் பர்வீன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும். டாக்டர் லிம் ஒரு மழைக்கு மட்டும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்; அதில் படம் சுத்தமாக வராவிட்டால் பேச்சே கிடையாது. ஜொகூரில் மழை அலுவலகத்துக்கு வருவதுபோலத் தினமும் சாயங்காலம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். இங்கே அழைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், நம்பவும் கூடாது. பர்வீனின் உம்மா மூன்றாவது முறை கறி வைத்தபோது மேற்கே உறுமியது.

யாரும் சாப்பாட்டைப் பற்றி அதன் பிறகு நினைக்கவில்லை. திரை மூன்றாகப் பிரிந்திருந்தது. முதலில் ராயகிரியில் கோடுகள் விழுந்தன. சின்னச் சின்னத் தட்டுகள் மேலே, பிறகு கீழே கனமாக ஒன்று. பக்கத்து வீட்டில் யாரோ "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்றார்கள். பர்வீனின் உம்மா கண்ணை மூடி எதையோ ஓதினார். அடுத்து இளையரசனேந்தல். மேலநீலிதநல்லூரில் இன்னும் ஒன்றும் இல்லை. பர்வீன் விரல் நகத்தைக் கடித்தாள். அங்கே காற்று அடிக்கத் தொடங்கியிருக்கும், கம்பம் ஆடிக்கொண்டிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு கீற்றும் இல்லை.

பிறகு விழுந்தது. நெட்டுக்குத்தாக, மேலிருந்து அடிவரை, கத்தியால் கீறியதுபோல. அதற்கு முன்னால் சின்னத் தட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணிவிடலாம் போலத் தெரிந்தன. மற்ற இரண்டு திரையிலும் அதே மின்னல். பர்வீன் மூன்றையும் பொருத்தினாள். ஊத்துமலைக்கு இந்தப் பக்கம் என்று கணினி காட்டியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவள் வாப்பா. அன்றைக்குத்தான் அவர் காலிப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் கூடவே கொண்டுவந்திருந்த அது, கழற்றிய செருப்புகளுக்குப் பக்கத்தில் முற்றத்தில் கிடந்தது.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை மேலநீலிதநல்லூருக்குப் போனேன். முள்வேலியைத் திரும்பக் கட்டிவிட்டு வர வேண்டும். போனால் வேலி ஏற்கனவே கட்டியிருந்தது, நான் கட்டுவதைவிட நன்றாக. குழிக்குச் சுற்றிலும் கல் அடுக்கி, மண் ஈரமாக, மேலே ஒரு செவ்வரளிப் பூ. ஆவுடைத்தாய் இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"குழாயில தண்ணி வந்துச்சா தாயி?"

"வரலை. பக்கத்துக் காட்டு மோட்டார்ல புடிச்சேன்" என்றபடி குழியில் ஊற்றினாள். ஒரு குடம். நான் ஊற்றச் சொன்னபோது அவள் சிரித்தாளே, அதே ஒரு குடம்.

காலிப் பெட்டியைப் பர்வீன் வீட்டிலேயே விட்டுவிட்டேன். கண்டக்டருக்கு ஒரு டிக்கெட் நஷ்டம். ஜொகூர் வந்து சேர்ந்து, வேலைக்குப் போன முதல் நாள், டாக்டர் லிம் என்னைக் கூப்பிட்டு மேலநீலிதநல்லூர்ப் படத்தைக் காட்டினார். கீற்றுகள் இல்லை. அதோடு அடியோரம் ஓடிய தடித்த பட்டையும் இல்லை. படம் தரைவரை சுத்தமாக இருந்தது. எங்கள் கூடத்துக் கம்பத்துக்கே அவ்வளவு சுத்தமாக வருவதில்லை.

"எர்த் குழிக்கு என்ன செய்தாய்? ரசாயனம் ஏதாவது போட்டாயா?" என்று கேட்டார்.

"இல்லை. தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் போட்டிருக்கிறோம்" என்றேன்.

"அந்த ஊரில் தண்ணீர் கிடைக்காது என்றாயே. மறந்துவிட்டால்?"

"மறக்கமாட்டாள்" என்றேன்.